நோன்பு வாரத்துக்கு ஒரு டிஸ்க்: டிராகன் பால் ஃபைட்டர்ஸை எடைபோட்டுப் பார்த்தது

கானாடுகாத்தானில் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவாக உள்ள வீடு ஆண்டில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். பிள்ளையார் நோன்பை ஒட்டி ஒரு வாரம் மட்டும் அதன் முகப்பு முதல் கடைக்கட்டு வரை ஆள் நடமாட்டம் இருக்கும். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வருகிறவர்களோடு, விடுப்புக் கிடைத்த ஆண்டுகளில் சிங்கப்பூரிலிருந்தும் ஒரு குடும்பம் வந்து சேரும். அப்போது ஏழு வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள ஒன்பது பிள்ளைகள், வளவில் விரித்த ஜமுக்காளத்தில் ஒரே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருப்பார்கள். காரைக்குடியில் இருக்கும் அண்ணன் மக்கள் இருவருடைய பிளேஸ்டேஷன் 4 அந்த ஒரு வாரத்துக்கு இங்கே இடம் மாறும், கன்ட்ரோலர்கள் இரண்டே. சென்ற ஆண்டு கார்ப் பந்தய விளையாட்டு ஒன்று போதுமானதாக இருந்தது. இந்த ஆண்டு எல்லோரும் ஒருமித்துக் கேட்பது அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடர்களின், சண்டை விளையாட்டு. ஒரு டிஸ்க்குக்குத்தான் பணம் தருவேன், அதையும் நானே பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பேன் என்று சித்தப்பா முறையில் சொல்லிவிட்டதால், தீபாவளி விடுமுறையில் ஐந்து பிள்ளைகள் கைக்குக் கிடைத்தபோது இரவல் டிஸ்க்குகளை வைத்து ஆடியும் ஆடவைத்தும் பார்த்தேன். அப்போது கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

இறுதியாக நின்றவை மூன்று. ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் உருவாக்கி 2018 ஜனவரியில் வெளிவந்த டிராகன் பால் ஃபைட்டர்ஸ், சைபர்கனெக்ட்2 உருவாக்கி 2016 பிப்ரவரியில் வந்த நருட்டோ ஷிப்புடென் அல்டிமேட் நிஞ்சா ஸ்டார்ம் 4, ஸ்பைக் சன்சாஃப்ட் உருவாக்கி 2024 அக்டோபரில் வந்த டிராகன் பால் ஸ்பார்க்கிங் ஜீரோ ஆகியவை அவை. மூன்றையும் வெளியிட்டது பண்டாய் நாம்கோதான். சிறியவர்கள் முதலில் கேட்டது என்னவோ டீமன் ஸ்லேயர். இன்ஃபினிட்டி காஸில் திரைப்படம் 2025 செப்டம்பரில் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்தது முதல் வீட்டில் அதன் நாயகன் தாஞ்சிரோ பேச்சுதான். ஆனால் 2021-இல் வந்த அதன் முதல் சண்டை விளையாட்டில் தொடக்கத்தில் இருந்தவர்கள் 18 பேர், அவர்களிலும் சிலர் பள்ளிச் சீருடைக்கு மாறிய அதே ஆள்கள். ஒன்பது பிள்ளைகள் சேர்ந்தால் நான்கே நாளில் அதைக் கரைத்துக் குடித்துவிடுவார்கள். அடுத்து வந்த இரண்டாம் பாகத்தில் ஆள்கள் கூடியிருக்கிறார்கள் என்றாலும் அதுவும் சைபர்கனெக்ட்2-இன் கைவேலையே என்பதால், ஸ்டார்மைப் பற்றிக் கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

ஃபைட்டர்ஸின் முதல் பலம் டிஸ்க்கைப் போட்ட பத்தாவது நிமிடத்தில் எவருக்கும் தெரிந்துவிடும்: அது விளையாட்டைப் போல இல்லாமல் அனிமே ஓடுவதைப் போலவே இருக்கிறது. இத்தனைக்கும் திரையில் தெரிகிற நாயகன் கோக்கூ கையால் வரைந்த படம் அல்ல. அன்ரியல் எஞ்சின் 4 என்ற மென்பொருளில் அமைந்த முப்பரிமாண உருவம். சாதாரணமாக முப்பரிமாண உருவம் ஒன்று கையை ஓங்கும்போது, தொடக்க நிலைக்கும் முடிவு நிலைக்கும் இடைப்பட்ட அசைவுகளைக் கணினியே நிரப்பிவிடும். அதனால்தான் பல விளையாட்டுகளில் ஆள்கள் எண்ணெய் போட்ட பொம்மைகளைப் போல வழுவழுவென்று அசைகிறார்கள். ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் 2014-இல் தன் கில்டி கியர் எக்ஸ்ஆர்டி விளையாட்டில் இந்த நிரப்புதலை வேண்டுமென்றே விட்டுவிட்டு, ஒவ்வொரு நிலையையும் கலைஞர்களே அமைத்து, அதைச் சில ஃபிரேம்களுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களுக்கு) அப்படியே நிறுத்திவைத்து, அடுத்த நிலைக்குச் சட்டென்று தாவச் செய்தது. முகத்தில் நிழல் எங்கே விழ வேண்டும் என்பதைக்கூட விளக்கின் போக்குக்கு விட்டுவிடாமல் ஓவியர்களே திருத்தினார்கள். அந்த முறையைத்தான் டிராகன் பாலுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லில் வண்ணம் ஊற்றியவரின் கைவாகு தெரிவதைக் குறையென்று நம் ஊரில் எவரும் சொல்வதில்லை. இந்த விளையாட்டின் அழகும் ஏறத்தாழ அந்த இனத்தைச் சேர்ந்தது. போதாக்குறைக்கு, நாமெக் கிரகத்தில் கோக்கூ ஃபிரீஸாவைக் குறிப்பிட்ட விதத்தில் வீழ்த்தினாலோ, சிறுவன் கோஹான் செல்லை வீழ்த்தினாலோ, அனிமேயில் வந்த அந்தக் காட்சி அப்படியே திரையில் விரிகிறது. தீபாவளியன்று இது முதன்முறை வந்தபோது, பட்டாசைப் பாதியில் விட்டுவிட்டு வந்த இரண்டு பேர் திரும்பிப் போகவே இல்லை.

இரண்டாவது பலம், கையில் எளிதாகப் படிவது. சண்டை விளையாட்டுகளைப் பற்றி நம்மில் பலருக்கு இருக்கும் அச்சம், ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியாக நீண்ட பட்டன் வரிசைகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது. இங்கே லேசான அடி, நடுத்தர அடி, பலத்த அடி, சிறப்புத் தாக்குதல் என்று முக்கியமான பட்டன்கள் நான்குதான். சிறப்பு வித்தைகள் பெரும்பாலும் கன்ட்ரோலரின் குச்சியை வட்டத்தில் கால் பங்கு சுழற்றும் அசைவிலேயே வந்துவிடுகின்றன. ஒரு வீரனுக்குப் பழகிய கை அடுத்தவனுக்கும் உதவுகிறது. லேசான அடிப் பட்டனையே திரும்பத் திரும்பத் தட்டினால் அடிகள் தாமாகக் கோத்துக்கொண்டு ஒரு முழுக் காம்போவாக முடிகின்றன. எதிராளி எங்கே இருந்தாலும் அவனை நோக்கிப் பறந்து செல்லும் சூப்பர் டேஷ் உண்டு. ஏழு வயதுக்காரன் ஐந்து நிமிடத்தில் தொலைக்காட்சியில் தான் பார்த்த வெஜிட்டாவைப் போலவே பறந்து பறந்து அடித்தான். ஆடத் தெரியாதவனை அவமானப்படுத்தாமல் உள்ளே அழைத்துக்கொள்கிற இந்தக் குணம், இவ்வளவு ஆழமுள்ள ஒரு விளையாட்டில் அபூர்வமாகக் காணக்கிடைப்பது.

ஆழம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆளுக்கு மூன்று வீரர்கள். ஒருவன் களத்தில் நிற்க, மற்ற இருவரைத் துணைக்கு அழைக்கலாம் அல்லது மாற்றிக்கொள்ளலாம். வெளியே நிற்பவன் இழந்த உயிரில் ஒரு பகுதியைச் சிறிது சிறிதாக மீட்டுக்கொள்வான். யாரை முதலில் இறக்குவது, யாரைக் கடைசிவரை காப்பாற்றுவது, ஏழு கட்டமாகச் சேரும் கீ ஆற்றலைத் தாக்குதலில் செலவழிப்பதா தப்பிப்பதற்கு வைத்துக்கொள்வதா என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. 2018-இல் லாஸ் வேகஸில் நடந்த, சண்டை விளையாட்டுகளுக்கான ஈவோ போட்டியில் அந்த ஆண்டு அதிகம் பேர், அதாவது 2,500-க்கும் மேற்பட்டோர், பதிவு செய்துகொண்டது இந்த விளையாட்டுக்குத்தான். அமெரிக்கரான சோனிக்ஃபாக்ஸ் ஜப்பானியரான கோ1-ஐ வென்ற அதன் இறுதியாட்டத்தை இன்று பார்த்தாலும் அலுப்பதில்லை. அதே ஆண்டில் தி கேம் அவார்ட்ஸ் நிகழ்ச்சியில் சிறந்த சண்டை விளையாட்டுக்கான விருதும் இதற்குக் கிடைத்தது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, தீபாவளிக்கு மறுநாள் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அண்ணன் மகன்களில் மூத்தவன் மூன்று நாள் பயிற்சியில் ஒரு காம்போவைத் தேற்றிக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்தவள் ஒன்பது வயதுக்காரி. முதல் அடி பட்டதும் அவளுடைய வீராங்கனை ஆண்ட்ராய்டு 18 மேலே எழும்பினாள். கீழே இறங்குவதற்குள் பத்துப் பதினைந்து வினாடி கழிந்துவிட்டது. அந்த நேரம் முழுவதும் எந்தப் பட்டனை அழுத்தினாலும் பயனில்லை என்பதை இரண்டாவது ஆட்டத்தில் புரிந்துகொண்ட அவள், மூன்றாவது ஆட்டத்தில் அடி விழத் தொடங்கியதும் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு ஒரு சீயத்தை எடுத்துக் கடித்தாள். காம்போ முடிந்த பிறகும் அவள் கை கன்ட்ரோலருக்குத் திரும்பவில்லை. கையில் எண்ணெய் இருந்தது என்றாள். அது பாதிதான் உண்மை.

ஃபைட்டர்ஸின் தலையாய குறை இதுவே என்று நினைக்கிறேன். இதே நிறுவனத்தின் கில்டி கியர் விளையாட்டுகளில், அடி வாங்கிக்கொண்டிருக்கும்போதே எதிராளியை உதறித் தள்ளும் பர்ஸ்ட் என்ற வழி உண்டு. ஃபைட்டர்ஸில் அது இல்லை. தடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு கட்டம் கீயைச் செலவழித்து ஆளை மாற்றித் தப்பலாம்; ஆனால் ஓர் அடி உள்ளே இறங்கிவிட்டால், எதிராளி பிழை செய்யும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒருவன் வீழ்ந்த பிறகு அடுத்தவன் களத்துக்குள் வரும் அந்தக் கணத்திலேயே மேலிருந்தா கீழிருந்தா என்று ஊகிக்க முடியாத அடுத்த தாக்குதல் காத்திருக்கும். திறமை நிகராக இருக்கும் இருவருக்கு இது விறுவிறுப்பு. நிகரில்லாத இருவருக்கு, ஒருவர் ஆட மற்றவர் பார்க்கிற நிகழ்ச்சி. தாயம் உருட்டும்போது நம் காயை வெட்டிவிட்டாலும் அடுத்த முறை சோழியைக் கையில் எடுத்துக் குலுக்குவதற்காவது நமக்கு உரிமை இருக்கிறது அல்லவா? அந்தக் குலுக்கல் இங்கே இல்லை.

ஸ்டார்ம் 4 இந்த இடத்தில்தான் ஃபைட்டர்ஸை விஞ்சுகிறது. நருட்டோ பார்த்தவர்களுக்குக் கவாரிமி தெரிந்திருக்கும்: அடி விழும் கணத்தில் ஆள் மறைய, அவன் இருந்த இடத்தில் மரக்கட்டை ஒன்று உருளும். விளையாட்டில் இதற்கென்று நான்கு கட்டங்கள் கொண்ட தனி அளவி இருக்கிறது. அடி வாங்கிக்கொண்டிருக்கும்போதே சரியான நேரத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு கட்டம் செலவாகி, நாம் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்போம். செலவான கட்டம் சிறிது நேரத்தில் மீளும். இதனால் தோற்றுக்கொண்டிருப்பவருக்கும் செய்வதற்கு ஏதோ ஒன்று எப்போதும் இருக்கிறது. எதிராளியிடம் இன்னும் எத்தனை கட்டம் மீதம் என்று எண்ணிக்கொண்டே அடிக்க வேண்டியிருப்பதால் வெல்கிறவரும் அலட்சியமாக இருக்க முடியாது. சீயம் தின்னப் போன அதே பெண், ஸ்டார்மில் தன் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் மூன்று முறை முளைத்து, மூன்றாம் முறை ஆட்டத்தையே வென்றாள். வெற்றியின் பெரும்பங்கு அதிர்ஷ்டம்தான். ஆனாலும் அந்த வாரம் முழுவதும் அவளைப் பொறுத்தவரை ஸ்டார்ம்தான் நல்ல விளையாட்டு.

ஆயினும் ஸ்டார்மின் கட்டுப்பாடுகள் எளிமையைத் தாண்டி ஒரே மாதிரியாகவே இருக்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட வீரர்கள் இருந்தாலும் எல்லோருக்கும் அடி ஒரே பட்டனில். அதைத் தட்டிக்கொண்டே குச்சியை எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதில் மட்டும் வரிசை மாறும். தோற்றமும் ஜுட்சு எனப்படும் நிஞ்சா வித்தையும் வேறு, கைக்குத் தெரியும் உணர்வு ஒன்று. கக்காஷியை ஆடுவதற்கும் சக்குராவை ஆடுவதற்கும் உள்ள வேறுபாடு, ஃபைட்டர்ஸில் கிரில்லினுக்கும் பிராலிக்கும் உள்ள வேறுபாட்டில் பாதிகூட இல்லை. மாபெரும் ஜுட்சு ஒன்று பட்டுவிட்டால் அதற்கான காட்சியை இருவரும் முழுதாகப் பார்த்தே தீர வேண்டும். முதல் முறை மெய்சிலிர்க்கும், பதினைந்தாம் முறை யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள். மூத்தவர்கள் இருவரும் ஐந்தாம் நாள் ஸ்டார்மைத் தொடவில்லை. அதில் கற்றுக்கொள்ள இனி என்ன இருக்கிறது என்று இளையவன் கேட்டதற்கு என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வளவில் எந்த நேரமும் இரண்டு பேர் ஆட, ஏழு பேர் பார்ப்பார்கள். பார்ப்பவருக்கும் சண்டை புரிய வேண்டும் என்பது விளையாட்டுகளை மதிப்பிடுகிறவர்கள் அதிகம் எழுதாத ஆனால் நம் வீடுகளுக்கு மிகத் தேவையான ஓர் அளவுகோல். ஃபைட்டர்ஸ் பக்கவாட்டுப் பார்வை கொண்டது. ஒருவன் இடப்புறம், ஒருவன் வலப்புறம், மேலே இருவரது உயிர்க்கோடுகள். தூணில் சாய்ந்து தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் யார் வெல்கிறார் என்பது விளங்கும். ஸ்டார்மில் களம் முப்பரிமாணமானது, கேமரா இருவருக்கும் பொது. அது சுழலும்போது எவன் முன்னால், எவன் பின்னால் என்று ஆடுகிறவர்களுக்கே ஒரு கணம் குழம்புகிறது. பிள்ளைகளின் அப்பத்தா, அதாவது என் ஆத்தா, ஃபைட்டர்ஸை முக்கால் மணி நேரம் பார்த்தார். ஸ்டார்ம் தொடங்கிய சிறிது நேரத்தில் தலை சுற்றுகிறது என்று உள்கட்டுக்குப் போய்விட்டார்.

ஸ்பார்க்கிங் ஜீரோவுக்கு வருவோம். இதற்கு பிளேஸ்டேஷன் 5 வேண்டும், பிளேஸ்டேஷன் 4-க்கு இது வரவில்லை என்பதே எங்கள் கேள்வியைப் பெருமளவு முடித்துவைத்துவிட்டது. ஆயினும் சிங்கப்பூர்ப் பையன் தன் கன்சோலைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருப்பதால், காரைக்குடியில் ஒரு நண்பர் வீட்டில் ஒரு நாள் முழுவதும் ஆடிப் பார்த்தேன். 2007-இல் வந்த புடோக்காய் டென்காயிச்சி 3-இன் நேரடி வாரிசான இதில், உருமாற்றங்களையும் சேர்த்து, 182 வீரர்கள். வானத்தில் முழு வேகத்தில் பறப்பதும், ஒரே அடியில் எதிராளி மலையைத் துளைத்துக்கொண்டு போவதும், டிராகன் பாலின் அளவுக்கு மீறிய தன்மையை மற்ற இரண்டையும்விட நெருக்கமாகக் காட்டுகின்றன. வீரர்களைச் சமப்படுத்த வேண்டும் என்ற கவலையே இதற்கு இல்லை. மிஸ்டர் சாத்தானைக் கோஜிட்டாவுக்கு எதிரே நிறுத்தினால் கதையில் என்ன நடக்குமோ ஏறத்தாழ அதுவே நடக்கும். அது இந்த விளையாட்டின் நகைச்சுவை, குறையாக நான் கருதவில்லை. ஆனால் கேமரா ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னும் நிற்பதால் இருவர் ஒரே அறையில் ஆடத் திரையை இரண்டாகப் பிளக்க வேண்டும். களம் இடிந்து நொறுங்குவதை இரண்டு முறை கணக்கிடுவது கனமான வேலை என்பதால், வெளிவந்தபோது அப்படி ஆடுவதற்கு ஒரே ஒரு களத்தைத்தான் கொடுத்திருந்தார்கள்: இடிப்பதற்கு எதுவுமே இல்லாத, வெள்ளை வெளியான ஆன்ம கால அறை. பின்னர் வந்த அப்டேட்களில் நிலைமை மேம்பட்டாலும், ஒன்பது பேர் பார்க்கும் ஒரு தொலைக்காட்சியில் ஆளுக்குப் பாதித் திரை என்பது எங்களுக்கு ஒத்துவராது. கட்டுப்பாடுகளும் மிகுதி. ஏழு வயதுக்காரன் வானத்தில் பறந்து போனவன் கீழே இறங்கும் வழி தெரியாமல் அழத் தொடங்கிவிட்டான்.

தனியாக ஆடுவதற்குக் கதை எப்படி என்றால், அங்கே ஃபைட்டர்ஸ் மூன்றிலும் கடைசி. அகிரா தோரியாமாவின் மேற்பார்வையில் உருவான ஆண்ட்ராய்டு 21 என்ற புதிய பாத்திரத்தைச் சுற்றி ஒரு கதையை அமைத்திருக்கிறார்கள். பாத்திரம் நன்று, வீரர்களுக்கு இடையேயான சிறு உரையாடல்களும் நன்று. ஆனால் கட்டம் கட்டமான வரைபடத்தில் நகர்ந்து நகர்ந்து, ஏறத்தாழ ஒரே மாதிரியான போலி வீரர்களை மீண்டும் மீண்டும் அடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. மூன்று பகுதிகளில் முதல் பகுதி முடிவதற்குள்ளாகவே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஸ்டார்ம் 4, நிஞ்சாப் போரின் பிற்பகுதி முதல் நருட்டோவும் சாசுகேயும் மோதும் இறுதிச் சண்டை வரையிலான கதையை, மலை அளவு உருவங்கள் மோதும் சண்டைகளோடு சொல்கிறது. இடையிடையே அசையாப் படங்களைக் காட்டி நீளமாகப் பேசிக்கொண்டே போவது அலுப்பூட்டினாலும், அனிமேயை முழுதாகப் பார்க்காதவருக்கும் கதை விளங்குகிறது. ஸ்பார்க்கிங் ஜீரோவில் எட்டுப் பாத்திரங்களின் கண்ணோட்டத்தில் கதை ஓடுகிறது; குறிப்பிட்ட சண்டையைக் கதையில் நடந்ததற்கு மாறாக வென்றால், இப்படி நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கிளைக்கதை திறக்கிறது. அந்த யோசனை அருமையானது. இவற்றில் எதிலும் தமிழ்க் குரல் இல்லை, ஜப்பானியமோ ஆங்கிலமோதான். எழுத்துக் கூட்டி வாசிக்கும் வயதில் இருக்கிறவர்களுக்குப் பெரியவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இணையத்தில் ஆடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்க் குடும்பம் ஊருக்குத் திரும்பிய பிறகும் பிள்ளைகள் தொடர்ந்து ஆடவே விரும்புகிறார்கள். சண்டை விளையாட்டு வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. லேசான ஓர் அடி தொடங்கிப் படுவதற்கு ஆறு ஃபிரேம், அதாவது வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். இரண்டு ஊர்களுக்கு இடையே தகவல் போய்வர அதற்கு நெருங்கிய நேரம் ஆகுமானால் என்ன செய்வது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய வழியில், எதிராளி அழுத்திய பட்டன் வந்து சேரும்வரை நம் அடியும் காத்திருக்கும். இணைப்புச் சற்றுத் தடுமாறினால் ஆட்டமே சேற்றில் நடப்பதைப் போலாகிவிடும். ரோல்பேக் எனப்படும் புதிய வழியில், எதிராளி இன்னது செய்திருப்பான் என்று விளையாட்டே ஊகித்துக்கொண்டு மேலே ஓடும். ஊகம் தவறினால் கண் இமைப்பதற்குள் சில ஃபிரேம் பின்னோக்கிப் போய்த் திருத்திக்கொள்ளும். ஃபைட்டர்ஸ் பழைய வழியில்தான் வந்தது. ரோல்பேக் வரப்போவதாக 2022-இல் அறிவித்து, 2024-இன் தொடக்கத்தில் கொடுத்தார்கள். ஆனால் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸின் புதிய வரிசை, கணினி ஆகியவற்றுக்கு மட்டும். எங்களிடம் உள்ள பிளேஸ்டேஷன் 4-க்கு அது கிடையாது. பிளேஸ்டேஷனில் ஆடுகிறவர் எக்ஸ்பாக்ஸ்காரரோடும் கணினிக்காரரோடும் மோதுவதற்கும் வழியில்லை.

இதற்கு மேல் எங்கள் வீட்டின் பங்கு ஒன்று இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய அந்தச் சுவர்களின் கனத்தில், முகப்பில் வைத்த வைஃபை ரூட்டரின் வீச்சு வளவுக்கு வரும்போதே இளைத்துவிடுகிறது. இரண்டாம் கட்டில் அது இருப்பதாகவே தெரிவதில்லை. செட்டிநாட்டு வீடுகளில் இணையத்தில் சண்டை ஆட நினைப்பவர்கள், விளையாட்டைத் தேர்வு செய்வதற்கு முன்பே நீளமான லேன் கேபிள் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. பிளேஸ்டேஷன் 4-இல் இணையத்தில் மோதுவதற்கு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, இணைய ஆட்டத்தை இந்த ஆண்டின் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன். ஃபைட்டர்ஸின் பிளேஸ்டேஷன் 4 பதிப்பை வைத்திருப்பவர்கள் கூடுதல் பணம் இல்லாமல் பிளேஸ்டேஷன் 5 பதிப்புக்கு மாறலாம் என்பதால், டிஸ்க் போடும் வசதியுள்ள புதிய கன்சோல் என்றாவது வீட்டுக்கு வந்தால் அன்று இந்தக் குறை தானாகத் தீரும்.

டிஸ்க்காகவே வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அனிமே விளையாட்டுகள் இரவல் உரிமையில் வாழ்பவை. உரிமைக் காலம் முடிந்தால் கடையிலிருந்து மறைந்துவிடும். கோக்கூ, நருட்டோ, லூஃபி எல்லோரையும் ஒன்று சேர்த்து ஸ்பைக் சன்சாஃப்ட் உருவாக்கிய ஜம்ப் ஃபோர்ஸ் 2019 பிப்ரவரியில் வந்தது. சரியாக மூன்றே ஆண்டில், 2022 பிப்ரவரியில், அதன் டிஜிட்டல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள், அந்த ஆகஸ்டில் சர்வர்களையும் மூடிவிட்டார்கள். முன்பே வாங்கியிருந்தவர்களும் டிஸ்க் வைத்திருப்பவர்களும் மட்டும் வீட்டில் இருவராக உட்கார்ந்து இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அவ்வளவு நல்ல விளையாட்டு இல்லை என்பது வேறு விஷயம்.

வீரர் பட்டியலில் ஃபைட்டர்ஸ் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டியிருக்கிறது. டிஸ்க்கில் இருப்பவர்கள் 24 பேர். பின்னர் விலைக்கு வந்தவர்களையும் சேர்த்து 44. எண்ணிக்கை குறைவு என்பதை நான் பொருட்படுத்தவில்லை, ஒவ்வொருவரையும் இழைத்து இழைத்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிறிய பட்டியலிலும் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிறான். சூப்பர் சையன் கோக்கூ, நீல முடிக் கோக்கூ, கோக்கூ பிளாக், பிறகு விலைக்குச் சாதாரணக் கோக்கூ, சிறுவன் கோக்கூ என்று போகிறது. “இந்த மஞ்ச முடிக்காரன் இப்பத்தானே விழுந்தான், அதுக்குள்ள மறுபடி எப்பிடி வந்தான்?” என்று ஆத்தா கேட்டதற்கு எவராலும் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை. பெண்கள் என்று பார்த்தால் அந்த 24 பேரில் ஆண்ட்ராய்டு 18-உம் ஆண்ட்ராய்டு 21-உம் மட்டுமே. ஒன்பது பிள்ளைகளில் நால்வர் பெண்கள் என்பதால் எங்கள் வீட்டில் இது சிறிய குறை அல்ல. சக்குரா, ஹினாட்டா, சுனாதே, டெமாரி என்று ஸ்டார்ம் இதில் தாராளமாக நடந்துகொள்கிறது.

இப்படிப் பார்த்துக்கொண்டே வந்தால், நோன்பு வாரம் ஒன்றை மட்டும் எண்ணித் தீர்மானிப்பதாக இருந்தால் ஸ்டார்ம் 4-ஐத்தான் வாங்க வேண்டும். திறமை ஏறுக்கு மாறாக உள்ள கூட்டத்தில் எல்லோருக்கும் அது ஏதோ ஒன்றைக் கொடுக்கிறது. எங்களைப் போல ஆண்டுக்கு ஒரு முறை கூடிப் பிரிகிற குடும்பங்களுக்கும், இதுவரை சண்டை விளையாட்டே ஆடாத வீடுகளுக்கும் அதையே சொல்வேன். நாங்கள் வாங்கப்போவது ஃபைட்டர்ஸ். மீதமுள்ள ஐம்பத்தொரு வாரம் அந்த டிஸ்க் காரைக்குடியில் இரண்டு சகோதரர்களிடம் இருக்கப்போகிறது; ஒன்றரை வயது இடைவெளியுள்ள, ஒருவன் கற்றதை மறுநாளே மற்றவனும் கற்றுவிடுகிற இருவர். நிகரான இருவர் ஓராண்டு முழுவதும் தோண்டிக்கொண்டே போனாலும் அடி காணாத கிணறு இந்த மூன்றில் ஒன்றுதான். ஐந்தே நாளில் தீர்ந்துபோன ஒரு விளையாட்டை அவர்கள் அலமாரியில் வைப்பதில் எனக்கு மனமில்லை.

நோன்பு வாரத்துக்கு மட்டும் வீட்டுச் சட்டங்கள் இரண்டைப் பிள்ளைகளோடு பேசி முடித்திருக்கிறேன். பதினைந்து வயதைத் தாண்டியவர்கள் சிறியவர்களோடு ஆடும்போது துணை வீரரை அழைக்கும் பட்டனைத் தொடக் கூடாது. தங்கள் அணியின் மூவரையும் எதிரே இருக்கும் சிறியவரே தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். இரண்டாவது சட்டத்தைச் சோதித்துப் பார்த்தபோது, மூத்தவனுக்கு அவன் தொட்டே பார்த்திராத நாப்பாவும் கின்யூவும் மஜின் பூவும் வந்து சேர்ந்தார்கள். தேற்றி வைத்திருந்த காம்போ அவன் விரலிலேயே தங்கிவிட்டது. ஆட்டம் கடைசி ஆள் வரை போனது.

விலைக்கு வரும் கூடுதல் வீரர்கள் யாரையும் இப்போதைக்கு வாங்குவதில்லை என்றுதான் முதலில் சொல்லியிருந்தேன். 2019 ஜனவரியில் சேர்க்கப்பட்ட விடெல் என்ற வீராங்கனையை மட்டும் வாங்கித் தரும்படி, சீயம் தின்னப் போன அந்தப் பெண் தொலைபேசியில் இரண்டு முறை கேட்டுவிட்டாள். ஸ்டார்மில் இருப்பதைப் போல அடிபடும்போதே மறைந்து பின்னால் முளைக்கும் வித்தை இங்கே கிடைக்கவில்லையே என்ற குறை அவளுக்கு இன்னும் இருக்கிறது. விடெலுக்குப் பணம் கட்டிவிட்டேன். அண்ணன் மகன்களிடம் இன்னும் சொல்லவில்லை.